சி.பி.சி. சீட்டைப் படிப்பது எப்படி?

மூன்று நாளாகக் காய்ச்சல் விடவில்லை என்று போனால் மருத்துவர் முதலில் எழுதித் தருவது பெரும்பாலும் சி.பி.சி.தான், ரத்த அணுக்களின் முழுக் கணக்கு. ஊதா மூடி போட்ட சின்னக் குழாயில் இரண்டு மூன்று மில்லி ரத்தம் எடுப்பார்கள். மாலைக்குள் சீட்டு கைக்கு வந்துவிடும். மருத்துவரைப் பார்க்க இன்னும் நேரம் இருக்கிறதே என்று நாமே ஒரு முறை புரட்டுவோம். எந்த எண் தடித்த எழுத்தில் அச்சாகியிருக்கிறதோ அதைச் செல்பேசியில் தேடுவோம். பத்து நிமிடத்தில் நமக்கு ரத்தப் புற்றுநோய் என்று முடிவாகியிருக்கும்.

அந்தப் பத்து நிமிடத்தில் செல்பேசிக்குப் பதிலாகப் படிப்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

சீட்டில் உள்ளவை வெறும் எண்ணிக்கைகள்; அதில் நோயின் பெயர் எங்கும் எழுதியிருக்காது. ரத்த அணுக்கள் ஒவ்வொரு நொடியும் பிறக்கின்றன, ஒவ்வொரு நொடியும் அழிகின்றன. மாடித் தொட்டியில் தண்ணீர் குறைந்தால் மோட்டார் ஓடவில்லையா, குழாய் எங்காவது ஒழுகுகிறதா, வீட்டில் யாராவது கூடுதலாகச் செலவழித்தார்களா என்று கேட்போம் இல்லையா? எந்த அணு குறைந்தாலும் மருத்துவர் கேட்பதும் இதே மூன்று கேள்விதான். உற்பத்தி குறைந்ததா, வெளியே கசிகிறதா, உள்ளேயே அழிகிறதா? எண்ணைவிட இந்தப் பதில்தான் முக்கியம். ஹீமோகுளோபின் 8 கிராம் என்று இரண்டு பேர் சீட்டிலும் இருக்கலாம். ஒருவருக்கு அது மூன்று மாத மாத்திரையில் தீர்ந்துவிடும். இன்னொருவருக்குக் குடலில் வளரும் கட்டியின் முதல் தடயம் அதுவாக இருக்கும்.

வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறத்தாழ 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. அதில் பாதிக்குச் சற்று மேல் பிளாஸ்மா என்னும் மஞ்சள் நிற நீர். மீதியெல்லாம் அணுக்கள். சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு ஆகிய மூன்றும் எலும்பு மஜ்ஜையில் உள்ள ஸ்டெம் செல் என்ற ஒரே வகைக் குருத்தணுவிலிருந்து கிளைத்தவை. கருவில் இருக்கும்போது கல்லீரலும் மண்ணீரலும் இந்த வேலையைப் பார்க்கின்றன. பிறந்த பிறகு மஜ்ஜை ஏற்றுக்கொள்கிறது. பெரியவர்களுக்கு இடுப்பெலும்பு, முதுகெலும்பு, மார்பெலும்பு, விலா எலும்புகளில்தான் பெரும் உற்பத்தி. இங்கே ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். மஜ்ஜைப் பரிசோதனை என்றதும் 'முதுகுத் தண்டில் ஊசி போடப் போகிறார்கள்' என்று வீட்டில் அழுகை தொடங்கிவிடும். ஊசி இறங்குவது இடுப்பெலும்பின் பின்பக்க மேட்டில். தண்டுவடத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. மரத்துப்போக மருந்து கொடுத்த பிறகும் உறிஞ்சி எடுக்கும் அந்தச் சில நொடி நன்றாகவே வலிக்கும். ஆனால் அதனால் கால் விளங்காமல் போகாது.

அணுக்களை எண்ணுவது இன்று இயந்திரம். முன்பெல்லாம் கட்டம் போட்ட கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைப் பரப்பி, நுண்ணோக்கியில் கண்ணை வைத்து ஒவ்வொன்றாக எண்ணினார்கள். அமெரிக்கரான வாலஸ் கோல்ட்டர் 1953இல் காப்புரிமை பெற்ற முறை அந்த வேலையை மாற்றியது. உப்பு நீரில் ரத்தத்தைக் கரைத்து, மின்சாரம் பாயும் மிகச் சிறிய துளை வழியாக இழுப்பார்கள். ஒவ்வொரு அணு நுழையும்போதும் மின்னோட்டம் ஒரு கணம் தடைபடும். எத்தனை தடை என்பது எண்ணிக்கை. தடை எவ்வளவு பெரிது என்பது அணுவின் அளவு. சீட்டில் 'எம்.சி.வி.' என்று வருவது சிவப்பணுவின் இந்தச் சராசரி அளவுதான். இந்த முறைக்கு ஒரு பலவீனம் உண்டு. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிட்டால் இயந்திரம் அந்தக் கட்டியைத் தட்டணுவாகக் கணக்கில் எடுப்பதில்லை. குழாயில் இருக்கும் உறையாமை மருந்தே சிலர் ரத்தத்தில் இப்படி ஒட்டவைத்துவிடும். எந்தத் தொந்தரவும் இல்லாதவருக்குத் தட்டணு 40,000 என்று வந்தால், பதறுவதற்கு முன் ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் பூசிச் சாயமேற்றி ஒரு மனிதர் பார்த்தாரா என்று கேளுங்கள். 'ஸ்மியர்' என்பது அதுதான். செலவு குறைந்த, பழைய பரிசோதனை. இன்றும் அதற்கு மாற்று இல்லை.

இனி சிவப்பணு. ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில், அதாவது ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்கில், 40 முதல் 55 லட்சம் வரை இருக்கும். மஜ்ஜை ஒரு நொடிக்கு இருபது லட்சத்துக்கும் மேல் தயாரிக்கிறது. சிவப்பணு மஜ்ஜையை விட்டு வெளியேறும் முன் தன் உட்கருவைத் துறந்துவிடுகிறது. அந்த இடத்தையும் சேர்த்து ஹீமோகுளோபினால் நிரப்பிக்கொள்கிறது. ஓர் அணுவில் சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறுகள், ஒவ்வொன்றும் நான்கு ஆக்ஸிஜன் மூலக்கூறுகளைச் சுமக்கும். உட்கரு இல்லாததால் பழுதைச் சரிசெய்துகொள்ளவோ, இரண்டாகப் பெருகவோ முடியாது. தன்னைவிடக் குறுகலான ரத்தத் தந்துகிகளில் நசுங்கி நெளிந்து ஓடி ஓடி, ஏறத்தாழ 120 நாளில் விறைத்துப்போகும். மண்ணீரலும் கல்லீரலும் அதைப் பிடித்து உடைத்துவிடும். உடைந்ததிலிருந்து வரும் மஞ்சள் பொருள்தான் பிலிருபின். அழிவு வேகமானால் கண் மஞ்சளாவது இதனால்தான். கல்லீரல் கெட்டால் மட்டுமே மஞ்சள் காமாலை வரும் என்பதில்லை.

உடைந்த அணுவின் இரும்பை உடல் வீணாக்குவதே இல்லை. புதிய சிவப்பணுக்களுக்கு ஒரு நாளைக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். ஏறத்தாழ முழுவதும் பழைய அணுக்களிலிருந்தே திரும்பக் கிடைத்துவிடுகிறது. உணவிலிருந்து உடல் உறிஞ்சுவது தினமும் ஒன்றிரண்டு மில்லிகிராம்தான். இந்தக் கணக்கு புரிந்தால் நம் ஊர் ரத்தசோகை பாதி புரிந்த மாதிரி. ஒரு மில்லி ரத்தத்தில் சுமார் அரை மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. மூலத்திலோ குடற்புண்ணிலோ கொக்கிப்புழுவாலோ நாளுக்கு ஒரு தேக்கரண்டி ரத்தம் கசிந்தால் போகும் இரும்பு, சாப்பாட்டிலிருந்து வருவதைத் தாண்டிவிடும். மாதவிலக்கில் அதிக ரத்தப்போக்கு உள்ள பெண் எவ்வளவு கீரை சாப்பிட்டாலும் ஏன் ஈடுகட்ட முடிவதில்லை என்பதும் இதே கணக்குதான்.

2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4 விழுக்காடு. பாதிக்கு மேல்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குவதும், மதியத்தில் கண்ணைச் சுழற்றுவதும், தலைமுடி உதிர்வதும் 'வேலை அதிகம்' என்ற கணக்கில் எழுதப்பட்டுவிடுவதால் யாரும் கேட்பதில்லை. பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்கும், கர்ப்பிணிகளுக்குப் பொதுவாக 11க்கும், ஆண்களுக்கு 13க்கும் கீழே போனால் ரத்தசோகை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 'பொம்பளைங்களுக்குப் பத்து இருந்தாப் போதும்' என்று ஆய்வகத்திலேயே சமாதானம் சொல்லக் கேட்டிருக்கிறேன். போதாது.

பீட்ரூட் பற்றி ஒரு வார்த்தை. சிவப்பாக இருப்பதால் ரத்தம் ஊறும் என்ற நம்பிக்கை அசைக்க முடியாதது. நூறு கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் இரும்புகூட இல்லை. அதன் சிவப்பு ஒரு தாவர நிறமி. அதற்கும் ஹீமோகுளோபினுக்கும் உறவில்லை. மாறாக, 'சோகைக்குச் சுவரொட்டி வாங்கிக் கொடு' என்று கிழவிகள் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சுவரொட்டி என்பது ஆட்டின் மண்ணீரல். பழைய சிவப்பணுக்கள் உடைபட்டு இரும்பு தேங்கும் இடமே அதுதான். இறைச்சியில் உள்ள இரும்பை நம் குடல் எளிதாக உறிஞ்சும். கீரை, பயறுகளில் உள்ளதைக் குறைவாகவே உறிஞ்சும். எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் கூடும், சாப்பிட்ட கையோடு தேநீர், காபி குடித்தால் குறையும். சைவமோ அசைவமோ, ரத்தசோகை வந்துவிட்ட பிறகு உணவு மட்டும் போதாது, மாத்திரை வேண்டும். அதைச் சாப்பிட்டால் மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று உடனே நிறுத்திவிடுவதுதான் பலர் செய்யும் தவறு. கல்லீரலிலும் மஜ்ஜையிலும் இரும்பு இருப்பு நிரம்ப இன்னும் சில மாதம் ஆகும்.

அறுபது வயது ஆணுக்கோ, மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ இரும்புக் குறைவால் ரத்தசோகை வந்தால் சத்து மாத்திரையோடு விட்டுவிடக் கூடாது. ரத்தம் எங்கே போகிறது என்று தேடியாக வேண்டும். மூட்டு வலிக்குக் கடையில் வாங்கித் தினமும் விழுங்கிய வலி மாத்திரை வயிற்றில் புண்ணாக்கியிருக்கலாம். பெருங்குடல் புற்றாகவும் இருக்கலாம்.

எம்.சி.வி.க்கு வருவோம். சாதாரண அளவு 80 முதல் 100 வரை. 80க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறுத்திருக்கின்றன. இரும்புக் குறைவுதான் முதல் சந்தேகம். 100க்கு மேலே என்றால் பெருத்திருக்கின்றன. பி12 அல்லது ஃபோலிக் அமிலம் குறைவாக இருக்கலாம், மதுப்பழக்கமும் காரணமாகலாம். இந்தப் பெருத்த அணுக்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1928இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களில் கர்ப்பிணிகள் கடும் ரத்தசோகையால் இறந்துகொண்டிருந்தார்கள். அணுக்கள் பெருத்திருந்தன. கிருமி எதுவும் சிக்கவில்லை. ஏழைப் பெண்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று அவர் பார்த்தார். மார்மைட் என்ற ஈஸ்ட் சாற்றைக் கொடுத்ததும் அவர்கள் தேறினார்கள். 1931இல் அதை வெளியிட்டார். அந்தச் சாற்றில் இருந்த பொருள் ஃபோலிக் அமிலம் என்பது பிறகே தெரிந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிக்குக் கொடுக்கும் மாத்திரையில் இரும்போடு இன்று ஃபோலிக் அமிலமும் இருப்பதன் தொடக்கம் அந்தப் பெண்கள்தான்.

அணு சிறுத்திருக்கிறது, ஆனால் சிவப்பணு எண்ணிக்கை குறையாமல் இயல்பாகவோ கூடுதலாகவோ இருக்கிறது என்றால், பல மருத்துவர்களுக்கு உடனே தட்டுப்படும் சந்தேகம் தலசீமியா. இது மரபணு வழி வருவது. ஹீமோகுளோபினின் புரதச் சங்கிலிகளில் ஒன்றை உடலால் சரியாகத் தயாரிக்க முடியாது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் குறை வந்தால் லேசான ரத்தசோகை. வாழ்க்கைக்கு ஆபத்தில்லை, இரும்பு மாத்திரையாலும் பயனில்லை. இருவரிடமிருந்தும் வந்துவிட்டால் குழந்தைக்கு இரண்டு முதல் நான்கு வாரத்துக்கு ஒரு முறை ரத்தம் ஏற்ற வேண்டும், ஆயுள் முழுக்க. ஏற்றும் ரத்தத்தின் இரும்பு இதயத்திலும் கல்லீரலிலும் தேங்குவதால் அதை வெளியேற்றத் தனி மருந்து. கணவன், மனைவி இருவருமே இந்தக் குறையைச் சுமப்பவர்கள் என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. தாய்மாமனையும் அத்தை மகனையும் கட்டிக்கொள்ளும் வழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. ஒரே தாத்தா பாட்டியின் குறை இரு பக்கத்திலிருந்தும் வந்து சேர அது வழிசெய்கிறது. ஜாதகத்தோடு ஹீமோகுளோபின் எலக்ட்ரோபோரெசிஸ் என்ற ஒரு பரிசோதனையையும் பார்த்துக்கொண்டால் நல்லது என்பது என் கட்சி.

இன்னொரு மரபணுக் குறை நம் நீலகிரியிலேயே இருக்கிறது. 1910இல் சிகாகோவில் ஜேம்ஸ் ஹெரிக் முதன்முதலில் விவரித்த அரிவாள் அணுச் சோகை ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே நாற்பதாண்டுகள் நம்பப்பட்டது. 1952இல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அந்தக் குறையைக் கண்டு எழுதினார்கள். பணியர், இருளர், குறும்பர் குடும்பங்களில் இன்றும் அது இருக்கிறது. ஹீமோகுளோபினின் ஒரு சங்கிலியில் ஆறாவது இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் வந்து உட்கார்ந்துவிடுகிறது, மாற்றம் அவ்வளவுதான். ஆக்ஸிஜன் குறைந்த இடத்தில் அந்த ஹீமோகுளோபின் கம்பிகளாக உறைந்து அணுவை அரிவாள் போல் வளைத்துவிடும். வளைந்த அணுக்கள் சிறு ரத்தக் குழாய்களை அடைக்கும்போது வரும் எலும்பு வலி, அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். 120 நாள் இருக்க வேண்டிய அணு பத்து இருபது நாளில் உடைந்துவிடும். இவ்வளவு கேடான மாற்றம் ஏன் அழியாமல் தலைமுறைகளாக நிற்கிறது? ஒரு பக்கத்துக் குறை மட்டும் உள்ளவர்களைக் கடும் மலேரியா அவ்வளவாகத் தாக்குவதில்லை. காட்டு மலேரியாவில் பிழைத்தவர்களின் வாரிசுகள் அதைச் சுமந்து வந்திருக்கிறார்கள். 2047க்குள் இந்நோயை ஒழிக்கும் தேசியத் திட்டம் 2023 ஜூலையில் தொடங்கப்பட்டது. அதன் முதல் படி பழங்குடி ஊர்களில் 40 வயது வரையுள்ளவர்களுக்குப் பரிசோதனை.

சிறுநீரக நோயாளிகளின் சோகையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். மஜ்ஜையைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோன் சிறுநீரகத்தில்தான் சுரக்கிறது. சிறுநீரகம் கெட்டால் ஹீமோகுளோபினும் இறங்கும், அந்த ஹார்மோனையே ஊசியாகப் போடுவார்கள்.

வெள்ளையணுக்கள் எண்ணிக்கையில் சிறுபான்மை. ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வரை. 'டி.சி.' என்று சீட்டில் வருவது அவற்றின் ஐந்து வகைகளின் விழுக்காடு. நியூட்ரோஃபில் பாக்டீரியாவை விழுங்கிச் செத்துச் சீழாகும். லிம்போசைட் ஆன்டிபாடி தயாரிப்பதும், வைரஸ் புகுந்த அணுக்களைத் தேடிக் கொல்வதும், ஒரு முறை வந்த எதிரியை நினைவில் வைத்திருப்பதும் செய்யும். மோனோசைட் திசுக்களுக்குள் போய்க் குப்பை அள்ளும். பேசோஃபில் நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாது. பாக்டீரியா என்றால் நியூட்ரோஃபில் ஏறும், வைரஸ் என்றால் லிம்போசைட் ஏறும் என்ற சூத்திரம் பாதிதான் உண்மை. டைஃபாய்டு பாக்டீரியா நோய்தான், ஆனால் அதில் வெள்ளையணு பெரும்பாலும் ஏறுவதில்லை, இறங்கக்கூடச் செய்யும். ஸ்டீராய்டு மாத்திரை, கர்ப்பம், புகைப்பழக்கம், ஏன் ஓடிவிட்டு வந்து ரத்தம் கொடுத்தால்கூட எண்ணிக்கை ஏறும். 12,500 என்று பார்த்ததும் ஆன்டிபயாடிக் வாங்கப் போகாதீர்கள்.

ஐந்தாவது வகையான ஈஸ்னோஃபிலுக்கு நம் ஊரில் தனிப் புகழ். 'எனக்கு ஈஸ்னோபீலியா' என்று தும்மிக்கொண்டே சொல்லாத குடும்பம் உண்டா? ஒவ்வாமை, ஆஸ்துமா, வயிற்றுப் புழு எல்லாவற்றிலும் இது கூடும்; அதனால் இது ஒரு நோயின் பெயர் அல்ல, ஓர் அடையாளம். 1940இல் மதனப்பள்ளி காசநோய் மருத்துவமனையில் பிரிமோட் மோலர், பார்ட்டன் என்ற மருத்துவர்கள் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார்கள். இருமல், மூச்சிரைப்பு, எக்ஸ்ரேயில் நுரையீரல் நெடுகப் புள்ளிகள் என்று காசநோய்போலவே வந்த சிலருக்குக் காசநோய் இல்லை; ரத்தத்தில் ஈஸ்னோஃபில் மட்டும் மலைபோல் உயர்ந்திருந்தது. யானைக்கால் நோய்ப் புழுவுக்கு உடல் காட்டும் மிகையான எதிர்ப்பு அது என்று பின்னால் தெரிந்தது. புழுவைக் கொல்லும் டி.இ.சி. மாத்திரை கொடுத்தால் சரியாகும். இரவில் இருமல், விசில் சத்தம், ஈஸ்னோஃபில் 3,000க்கு மேல் என்றால் இன்றும் மருத்துவர்கள் இதை நினைவில் கொள்கிறார்கள்.

வெள்ளையணு குறைவது கூடுவதைவிட அவசரமானது. கீமோதெரபி எடுப்பவருக்கு நியூட்ரோஃபில் 500க்குக் கீழே போயிருக்கும் நாட்களில் காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காலை வரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அந்த ராத்திரியே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சீழ் பிடிக்கக்கூட ஆள் இல்லாத உடலில் தொற்று சில மணி நேரத்தில் ரத்தமெங்கும் பரவிவிடும். எச்.ஐ.வி. தாக்குவதும் வெள்ளையணுவைத்தான். லிம்போசைட்டுகளில் சிடி4 என்ற வகையை அது அழிக்கிறது. இந்தியாவில் அந்த வைரஸ் முதன்முதலில் 1986இல் சென்னையில் கண்டறியப்பட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியின் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதைச் செய்தார்கள். மருந்தைத் தவறாமல் சாப்பிட்டால் சிடி4 மீண்டும் ஏறும், ஆயுளும் நீளும்.

இப்போது எல்லோரும் பயப்படும் நோய். லுகேமியாவில் நடப்பது என்ன? மஜ்ஜையில் ஒரு வெள்ளையணு முதிராமலே கட்டுப்பாடின்றிப் பெருகி, மற்றவற்றுக்கு இடம் இல்லாமல் செய்துவிடுகிறது. சிவப்பணு பிறக்க இடமில்லாததால் வெளிறிப்போகிறார்கள். வேலை செய்யும் வெள்ளையணு இல்லாததால் காய்ச்சல் திரும்பத் திரும்ப வருகிறது. தட்டணு இல்லாததால் ஈறில் ரத்தம் கசிகிறது, அடிபடாமலே தோலில் நீலம் கட்டுகிறது. மூன்றும் சேர்ந்து வருவதுதான் எச்சரிக்கை. வெள்ளையணு எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டலாம், 2,000ஆகவும் இருக்கலாம். ஸ்மியரில் முதிராத அணுக்கள் தெரிகின்றனவா என்பதே முக்கியம். ஆகவே 12,500 என்ற ஒற்றை எண்ணை வைத்துக்கொண்டு யாரும் லுகேமியாவைக் கற்பனை செய்யத் தேவையில்லை.

இதன் சிகிச்சைக் கதையில் ஃபோலிக் அமிலம் மீண்டும் வருகிறது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர் லுகேமியாக் குழந்தைகளுக்கு ஃபோலிக் அமிலம் சார்ந்த பொருளைக் கொடுத்துப் பார்த்தார், நோய் வேகமெடுத்தது. அப்படியானால் அதற்கு எதிரான பொருள் நோயைத் தடுக்க வேண்டுமே என்று யோசித்தார். அந்த எதிர்ப்பொருளான அமினாப்டெரினை அவருக்குத் தந்தது லெடர்லி ஆய்வகம். அங்கே ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தவர் எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, கதர் அங்கி அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி முழுப் பட்டம் கிடைக்காமல் வெளியேறியவர். ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்ததும் அவருடைய குழுதான். 1948இல் ஃபார்பர் 16 குழந்தைகளின் விவரத்தை வெளியிட்டார். பத்துப் பேருக்கு நோய் சில காலம் அடங்கியிருந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்துபோனார். அன்று சில மாதங்களே கிடைத்த அந்தக் குழந்தை லுகேமியாவில் இன்று நல்ல சிகிச்சை மையங்களில் பெரும்பாலான குழந்தைகள் முழுக் குணமடைகிறார்கள்.

நாள்பட்ட மைலாய்டு லுகேமியாவின் கதை இன்னும் நெருக்கமானது. 9ஆம், 22ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொள்வதால் பிறக்கும் ஒரே ஒரு தவறான நொதிதான் அந்த நோயை ஓட்டுகிறது. அதை மட்டும் குறிவைத்து அடைக்கும் இமாடினிப் மாத்திரை 2001இல் வந்தது. அதுவரை சில ஆண்டுகளே உயிரோடிருந்தவர்கள், தினம் ஒரு மாத்திரையோடு வேலைக்குப் போய்க்கொண்டு முதுமை வரை வாழத் தொடங்கினார்கள். விலைதான் சிக்கலாக இருந்தது. நோவார்ட்டிஸ் நிறுவனத்தின் மருந்து அப்போது மாதம் ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்திய நிறுவனங்களின் அதே மருந்து 10,000 ரூபாய்க்குள். இந்த மலிவு மருந்துகளை நிறுத்தக்கூடிய காப்புரிமையைக் கேட்ட நோவார்ட்டிஸின் விண்ணப்பத்தை 2006 ஜனவரியில் நிராகரித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகம். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2013 ஏப்ரல் 1 அன்று நிறுவனம் தோற்றது. ரத்த நோய்க்கான ஆராய்ச்சியில் எவ்வளவு பெருமை உண்டோ அவ்வளவு பெருமை இந்தத் தீர்ப்புக்கும் உண்டு என்பேன்.

மஜ்ஜையே ஓய்ந்துபோய் மூன்று வகையும் சேர்ந்து குறைவது ஏப்ளாஸ்டிக் அனீமியா. அதற்கும், பல லுகேமியாக்களுக்கும், தலசீமியாவுக்கும் மஜ்ஜை மாற்று சிகிச்சை இருக்கிறது, வேலூர் சி.எம்.சி.யில் 1980களிலிருந்தே நடக்கிறது. அறுவை மேசையில் எலும்பைத் திறப்பார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். கொடையாளியின் குருத்தணுக்களை ரத்தம் ஏற்றுவதுபோலவே ரத்தக் குழாய் வழி ஏற்றுவார்கள், அவை வழி கண்டுபிடித்து மஜ்ஜைக்குப் போய்க் குடியேறிவிடும். அதே வேலூரில், ரத்தம் உறையாத ஹீமோஃபிலியா நோயாளிகள் ஐந்து பேரின் குருத்தணுக்களை வெளியே எடுத்து, உறைதலுக்கு வேண்டிய மரபணுவைச் சேர்த்துத் திரும்ப ஏற்றினார்கள். உறையவைக்கும் புரதத்தை அவர்கள் உடல் தானே தயாரிக்கத் தொடங்கியது. 2024 டிசம்பரில் அந்த முடிவுகள் வெளியாயின.

மிச்சம் இருப்பது தட்டணு. டெங்கு வந்த பிறகு 'பிளேட்லெட்' என்ற சொல் தெரியாத வீடு இல்லை. மஜ்ஜையில் உள்ள பெருத்த அணுக்கள் உதிர்க்கும் துணுக்குகள்தாம் இவை. முழு அணுகூட அல்ல. ஆயுள் ஏழு முதல் பத்து நாள். ரத்தக் குழாயில் கீறல் விழுந்த இடத்தில் ஓடி ஒட்டி முதல் அடைப்பைப் போடுவது இவற்றின் வேலை. மைக்ரோலிட்டருக்கு ஒன்றரை லட்சம் முதல் நாலரை லட்சம் வரை இருக்க வேண்டும்.

டெங்குவில் குடும்பம் முழுக்க இந்த ஓர் எண்ணையே பார்த்துக்கொண்டிருக்கிறது. காலையில் 90,000, மாலையில் 62,000 என்று வாட்ஸாப்பில் செய்தி பறக்கிறது. ஆனால் டெங்கு மரணங்களுக்குப் பெரும்பாலும் காரணம் தட்டணு இல்லை. ரத்தக் குழாய்களின் சுவர் தளர்ந்து பிளாஸ்மா வெளியே கசிந்துவிடுவதுதான் ஆபத்து. நீர் குறைந்து அணுக்கள் மட்டும் மிஞ்சுவதால் ரத்தம் கெட்டியாகும், சீட்டில் 'பி.சி.வி.' என்ற எண் ஏறும். ஆகவே தட்டணு இறங்கும்போது பி.சி.வி. ஏறுகிறதா என்று பாருங்கள். அதுவும் பெரும்பாலும் காய்ச்சல் விடும் சமயத்தில்தான் இந்தக் கசிவு நடக்கும். 'காய்ச்சல் போயிடுச்சு' என்று நிம்மதியாகும் நாலாம், ஐந்தாம், ஆறாம் நாள்தான் கண்காணிக்க வேண்டிய நாள். விடாத வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், கை கால் சில்லிடுதல், சிறுநீர் குறைதல், குழந்தை துவண்டுபோதல்: இவற்றில் எது இருந்தாலும் எண்ணைப் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். ரத்தக்கசிவு இல்லாதவரை, 10,000க்குக் கீழே இறங்காதவரை தட்டணு ஏற்றுவது பொதுவாகத் தேவைப்படாது. ஏற்றச் சொல்லி மருத்துவரை நெருக்கவும் வேண்டாம். பப்பாளி இலைச் சாறும் நிலவேம்புக் குடிநீரும் குடிப்பவர்கள் குடிக்கட்டும். அதை நம்பிக் கஞ்சியையும் உப்புக் கரைசலையும் விட்டுவிடக் கூடாது. உடல் வலிக்கு ஆஸ்பிரினும் இபுபுரூஃபனும் கூடவே கூடாது.

டெங்கு இல்லாமலும் தட்டணு குறையும். உடலின் எதிர்ப்புச் சக்தியே அவற்றைத் தவறாக அழிக்கும் ஐ.டி.பி. என்ற கோளாறு உண்டு. குழந்தைகளுக்குச் சளிக் காய்ச்சலுக்குப் பின் வரும் இது பெரும்பாலும் சில மாதங்களில் தானே சரியாகிவிடும். கல்லீரல் சுருங்கி மண்ணீரல் பெருத்தவர்களுக்கும் தட்டணு குறைந்தே இருக்கும், ஏனென்றால் அவை மண்ணீரலிலேயே தேங்கிவிடுகின்றன. கூடுதலாக இருந்தால்? பெரும்பாலும் தொற்றோ இரும்புக் குறைவோதான்.

இந்த அணுக்களில் எதையும் தொழிற்சாலையில் செய்து மருத்துவமனைகளின் தேவைக்குக் கொடுக்கும் வழி இன்னும் வரவில்லை. தலசீமியாக் குழந்தைக்கும், பிரசவத்தில் ரத்தம் இழந்த தாய்க்கும், கீமோதெரபி எடுப்பவருக்கும் இன்னொரு மனிதரின் உடலிலிருந்துதான் எடுத்தாக வேண்டும். சிவப்பணுவைக் குளிர்பெட்டியில் ஐந்தாறு வாரம் வைத்திருக்கலாம். தட்டணுவை 20 முதல் 24 டிகிரியில் ஆட்டிக்கொண்டே வைத்தாலும் ஐந்து நாள்தான். எனவே ஏதோ ஒரு தலைவரின் பிறந்த நாளில் ஆயிரம் பேர் வரிசையில் நின்று கொடுத்துவிட்டு, மற்ற மாதங்களில் யாரும் வராமல் இருப்பது உதவாது. 18 முதல் 65 வயதுக்குள், எடை 45 கிலோவும் ஹீமோகுளோபின் 12.5 கிராமும் இருந்தால் ஆண்கள் மூன்று மாதத்துக்கு ஒரு முறையும் பெண்கள் நான்கு மாதத்துக்கு ஒரு முறையும் கொடுக்கலாம். கோடை விடுமுறையிலும் தேர்வுக் காலத்திலும் கல்லூரி முகாம்கள் நின்றுபோய் ரத்த வங்கிகள் தவிக்கும். உங்கள் முறையை அந்த மாதங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.